மைட்டர் சா வாங்கி செட் பண்றது எப்படி: மோல்டிங், பீடிங், ஸ்கர்ட்டிங் மூலை கேப் இல்லாம மூட

நம்ம ஊர் ஆசாரிங்க கணக்குல ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல்னா மூணு எம்எம்க்கு கொஞ்சம் மேல. கட்டில், அலமாரின்னு வேற வேலையில ஒரு நூல் முன்ன பின்ன போனா பாதிப் பேருக்குக் கண்ணுல படாது, ஆனா மோல்டிங் மூலையில அரை நூல் வாயத் திறந்துட்டு நின்னா வீட்டுக்காரர் நேரா அங்க போய்த்தான் விரல வைப்பார்.

நான் முதல் மைட்டர் சா, அதாவது மரத்தை வேணுங்கற கோணத்துல குறுக்கால வெட்டுற மெஷின், வாங்கின புதுசுல ஒரு ஜன்னலைச் சுத்தி நாலு பக்கமும் 4 இன்ச் அகலத்துல தேக்கு மோல்டிங் அடிக்க வேண்டியிருந்துச்சு. 12 இன்ச் ஸ்லைடு மெஷின் (பிளேடு முன்ன பின்ன நகர்ற வகை), இருந்த காசெல்லாம் அதுலயே போட்டாச்சு, 45 டிகிரில கொண்டு போய் டொக்குனு உட்கார வச்சு எட்டு வெட்டு வெட்டினேன். தரையிலயே வச்சு மூணு மூலைய ஃபெவிக்கால் போட்டு இறுக்கி ஒட்டிட்டு நாலாவதுக்கு வந்தா ஒன்றரை நூல் கேப்பு! மரத்தூளையும் ஃபெவிக்காலையும் குழைச்சு அடைக்கலாம்னு கிளம்பினப்ப சைட்ல இருந்த ஒரு பெரியவர், வேற வேலையா வந்த ஆசாரி, பேசாம வந்து மெஷின் ஃபென்ஸ் (கட்டையை சாத்தி வச்சு வெட்டுற பின்பக்கத் தடுப்பு) மேல ஸ்டீல் ஸ்கேலை குறுக்கால வச்சார், ஓரத்துல ரெண்டு விசிட்டிங் கார்டு சும்மா உள்ள போச்சு. "இதுல வச்சு வெட்டினா எப்படி தம்பி மூடும்?" அவ்வளவுதான் கேட்டார். மெஷினை ஆட்டோல கொண்டு வந்தப்ப எங்கயோ இடிச்சிருக்கு, ஃபென்ஸ் இடது பாதியும் வலது பாதியும் ஒரே கோட்டுல இல்ல, ஒவ்வொரு வெட்டும் கால் டிகிரி தப்பு.

கால் டிகிரி தானேன்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க, 4 இன்ச் மோல்டிங்ல 45 வெட்டினா அந்த சாய்வு வெட்டு மட்டும் கிட்டத்தட்ட 144 எம்எம் நீளம் வரும், நாலு மூலைக்கு எட்டு வெட்டு, எட்டு கால் டிகிரி ரெண்டு டிகிரி, மூணு மூலைய இறுக்கிட்டீங்கன்னா மொத்த ரெண்டு டிகிரியும் நாலாவது மூலையில வந்து உட்காரும், 144 எம்எம் நீளத்துல ரெண்டு டிகிரின்னா கிட்டத்தட்ட 5 எம்எம். அதான் என் ஒன்றரை நூல். அதனால இந்த வழிகாட்டியில வாங்குற பகுதிய விட செட் பண்ற பகுதி தான் பெருசா இருக்கும், மெஷினுக்கு செலவு பண்ற காசுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு நல்ல பிளேடுக்கும், ஒரு நல்ல மூலைமட்டத்துக்கும் (90 டிகிரி சரி பார்க்கிற எல் வடிவ மட்டம்) வச்சுக்கங்க.

முதல்ல எந்த மெஷின்

கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க அடிக்கப் போற மோல்டிங்கை டேப் வச்சு அளங்க. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. சுவத்துல கட்டம் கட்டமா அடிக்கிற வால் மோல்டிங் பெரும்பாலும் ஒன்னு ஒன்றரை இன்ச் தான், கண்ணாடி பீடிங் அரை இன்ச், வுடன் ஃப்ளோரிங் போட்ட ரூமுக்கு சுவத்து அடியில ஓடுற ஸ்கர்ட்டிங் 3, 4 இன்ச் உயரம், நிலையைச் சுத்தி அடிக்கிற ஆர்க்கிட்ரேவ் 2 இன்ச்ல இருந்து 4 இன்ச் வரைக்கும் போகும். கேட்லாக்ல 90 டிகிரில எவ்வளவு அகலம் வெட்டும்னு பெருசா போட்டிருப்பாங்க, அதைப் பார்க்காதீங்க, நமக்கு வேண்டியது 45ல எவ்வளவுங்கறது. ஸ்லைடு இல்லாத 10 இன்ச் மெஷின் நேர்வெட்டு 5 இன்ச் கிட்ட வெட்டும், அதே மெஷின் 45ல கிட்டத்தட்ட மூன்றரை இன்ச்லயே நின்னுடும். என் ஜன்னல் மோல்டிங் அதுல படுக்க வச்சு வெட்டவே முடியாது.

பிளேடு சைஸ் மூணு விதம் வருது, எட்டரை இன்ச் 216 எம்எம், 10 இன்ச் 254 எம்எம், 12 இன்ச் 305 எம்எம். பெருசு வாங்கினா நல்லதுன்னு நானும் நினைச்சேன். மோல்டிங் வேலைக்கு மட்டும்னா அது உண்மையில்ல, பிளேடு பெருசாக ஆக ஓரம் ஆடுறதுக்கு வாய்ப்பு அதிகம், மெஷின் கனம் 25 கிலோவைத் தாண்டியும் போகும், பிளேடு விலையும் கூட, மூணாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாம தூக்கிட்டுப் போறப்ப என்னைத் திட்டாதீங்க. என் முடிவு இது: உங்க மோல்டிங் 3 இன்ச்சுக்குள்ளன்னா 10 இன்ச், ஸ்லைடு இல்லாதது, கண்ண மூடிட்டு வாங்கலாம், நகர்ற உறுப்பு குறைச்சல், அதனால ஆட்டமும் குறைச்சல். அதுக்கு மேல அகலம்னா 10 இன்ச் ஸ்லைடு. 12 இன்ச் அகலமான பலகை வேலை தினமும் பண்றவங்களுக்கு.

ஸ்லைடு வாங்கினா மெஷினுக்குப் பின்னாடி கம்பி நீட்டிட்டு இருக்கும், சுவத்தோட ஒட்டி வைக்க முடியாது, சின்ன ரூம்ல இது பெரிய தொல்லை. பாஷ்ல கை மடங்குற மாதிரி ஆர்ம் வச்ச மாடல் இருக்கு, கம்பியே கிடையாது, சுவத்து ஓரமா வைக்கலாம், விலையும் அதுக்கேத்த மாதிரி. டிவால்ட்ல டிடபிள்யூஎஸ் 780ல லேசர் இல்லாம பிளேடு நிழலையே மரத்து மேல விழ வைக்கிற லைட் வரும், பிளேடு மாத்தினாலும் அது தப்பாது, நிழல் எங்க விழுதோ அங்க தான் வெட்டு. சாதா லேசரை நான் அணைச்சே வச்சிருக்கேன்.

மைட்டர்னா டேபிள் பக்கவாட்டுல திரும்புறது, பெவல்னா தலை, அதாவது மோட்டாரும் பிளேடும் இருக்கிற பாகம், சாய்றது. ஒரு பக்கம் மட்டும் சாய்றது சிங்கிள், ரெண்டு பக்கமும் டபுள். ஸ்கர்ட்டிங் ஃபென்ஸ் உயரத்துக்குள்ள இருந்தா நிக்க வச்சு மைட்டர்லயே வெட்டிடலாம், உயரமா இருந்தா படுக்க வச்சு பெவல்ல வெட்டணும், அங்க டபுள் இருந்தா சௌகரியம். சிங்கிள்லயும் ஓடும், கட்டையத் திருப்பிப் போட்டு மண்டைய உடைச்சுக்கணும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம், நம்ம ஊர் டூல்ஸ் கடையில இந்த மெஷினை அலுமினியம் கட்டிங் மெஷின்னு தான் நிறைய பேர் சொல்வாங்க, ஜன்னல் செக்ஷன் வேலைக்காரங்க தான் அதிகம் வாங்குறாங்க. அதனால கூட வர்ற பிளேடு 100, 120 பல்லு அலுமினிய பிளேடா இருக்கலாம், கேட்டு வாங்குங்க. இன்னொன்னு, இரும்பு வெட்டுற 14 இன்ச் கட் ஆஃப் மெஷின் பார்க்க இதே மாதிரி இருக்கும், அதுல மர பிளேடு மாட்டலாமான்னு யாராவது ஐடியா கொடுத்தா அந்தப் பக்கமே போகாதீங்க. 4 இன்ச் மார்பிள் கட்டர்ல மர பிளேடு போட்டு வெட்டுறதும் அப்படித்தான், நிமிஷத்துக்கு 12,000 சுத்து மேல ஓடுற சாமான் அது, மரத்துல சிக்கினா கையை நோக்கி எகிறும், சைட்ல பாதி விரல் போனவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

கடையில நிக்கிறப்ப பண்ண வேண்டியது கொஞ்சம் தான். தலைய கீழ இறக்கி பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஸ்லைடுன்னா முழுசா முன்னாடி இழுத்து வச்சு ஆட்டுங்க, கையில லொட லொடன்னு தெரிஞ்சா வேண்டாம். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் கையோட எடுத்துட்டுப் போய் ஃபென்ஸ் ரெண்டு பாதி மேலயும் வச்சு வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க (நான் பண்ணாம விட்டது இது தான்). 0, 15, 22.5, 45ல டொக்குனு உட்காரும் பாருங்க, அந்த பள்ளத்துக்கு பக்கத்துலயே 44.5ல நிறுத்தி லாக் பண்ண முடியுதா, இல்ல திரும்பத் திரும்ப 45க்கே வழுக்கிட்டுப் போகுதான்னு பார்த்துக்கங்க, ஏன்னு பின்னாடி தெரியும். மோட்டார்ல தேயுற கார்பன் பிரஷ் கிடைக்குமா, சர்வீஸ் உங்க ஊர்லயே இருக்கான்னும் கேட்டுடுங்க.

கரண்ட்டு. 1800 வாட் மெஷின் 230 வோல்ட்ல 8 ஆம்ப் கிட்ட இழுக்கும், ஸ்டார்ட் ஆகுற நொடியில அதை விடப் பல மடங்கு. 5 ஆம்ப் பிளக்ல செருகாதீங்க, 15 ஆம்ப் பாயிண்ட் வேணும், எர்த் பின்னோட. சைட்ல 20 மீட்டர் தாண்டி எக்ஸ்டென்ஷன் இழுக்கிறதா இருந்தா 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், சுருளைப் பிரிச்சுப் போட்டு வேலை பண்ணுங்க. மெல்லிசு ஒயர்ல வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், வெட்டும் சொரசொரன்னு வரும், பிளேடு மழுங்கிடுச்சுன்னு நினைச்சு புது பிளேடு வாங்கி ஏமாந்த கதை எல்லாம் உண்டு.

பிளேடு

கூட வர்ற பிளேடு 40 பல்லா இருந்தா ரீப்பர், சட்டம் வெட்ட வச்சுக்கங்க. மோல்டிங்குக்கு 10 இன்ச்ல 60லிருந்து 80 பல்லு, 12 இன்ச்ல 80லிருந்து 100. பல்லு எண்ணிக்கைய விட முக்கியமா ஒன்னு இருக்கு, பல்லு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கறது. முன்னாடி சாஞ்ச பல்லு மரத்தைக் கொத்தி இழுக்கும், டேபிள் சாவுக்கு அது சரி, இங்க மோல்டிங்கைத் தூக்கி அடிக்கும். மைட்டர் சாவுக்கு பல்லு லேசா பின்னாடி சாஞ்சிருக்கணும், பாக்கெட்ல ஹுக் ஆங்கிள் மைனஸ் 5 டிகிரின்னோ நெகட்டிவ்னோ போட்டிருக்கும்.

அடுத்தது நடு ஓட்டை. 25.4 எம்எம், 30 எம்எம் ரெண்டும் மார்க்கெட்ல ஓடுது, உங்க மெஷின் எதுன்னு பார்த்துட்டு வாங்குங்க, ரிங் போட்டு சரி பண்றதா இருந்தா ரிங் ஆடாம டைட்டா உட்காரணும். பிளேடு மேல எழுதியிருக்கிற அதிகபட்ச ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மெஷின் ஆர்பிஎம்மை விட கூடுதலா இருக்கணும், 10 இன்ச் மெஷின் 4500, 5000ல ஓடும்.

மாட்டுறப்ப பிளக்கை கழட்டி கண்ணுல படுற இடத்துல போடுங்க. போல்ட்டு இடது மரை, பெரும்பாலும் எல்லா மைட்டர் சாவிலும் அப்படித்தான், கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினா தான் கழலும், தெரியாம மறுபக்கம் தொங்கி தொங்கி இறுக்கினவங்க நிறைய. பிளேடு மேல அம்புக்குறி இருக்கும், கவர் மேலயும் இருக்கும், ரெண்டும் ஒரே திசை. வாஷர்ல மரத்தூள் ஒட்டியிருந்தா துடைச்சுட்டு மாட்டுங்க, அந்தத் தூள் தான் பிளேடை ஆட வைக்கும்.

மெஷினை எங்க வைக்கிறது

நம்ம பக்கம் பாதி சைட்ல மெஷின் தரையில தான் இருக்கும், ஆசாரி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெட்டுவார். இடுப்புக்கு நல்லதில்ல, ஆனா ஒரு லாபம் இருக்கு, நீளக் கட்டைக்கு முட்டு கொடுக்க மெஷின் டேபிள் உயரத்துக்கு ரெண்டு கட்டை அடுக்கினா போதும். மேஜை மேல வைக்கிறவங்க தான் இதை மறந்துடுவாங்க, 8 அடி மோல்டிங் ஒரு முனை தொங்கிட்டு இருக்கும், தொங்குற பக்கம் இறங்கினா வெட்டுற பக்கம் டேபிளை விட்டு எழும்பும், அப்புறம் நீங்க எவ்வளவு செட் பண்ணினாலும் வெட்டு நேரா வராது.

நான் பண்ணியிருக்கிறது, 18 எம்எம் பிளைவுட் ஒன்னு 6 அடி நீளத்துக்கு, நடுவுல மெஷினை போல்ட் போட்டு இறுக்கி, ரெண்டு பக்கமும் பிளைவுட்லயே நீள டப்பா செஞ்சு டேபிள் உயரத்துக்கு ஏத்தியாச்சு. டப்பா உயரத்தை மெஷின் டேபிள்ல இருந்து அளந்து, கால் எம்எம் கம்மியா வச்சு, காகிதம் மடிச்சு அடியில கொடுத்து ஸ்டீல் ஸ்கேல் வழுக்கிட்டுப் போற வரைக்கும் சரி பண்ணினேன். டப்பா மெஷினை விட உயரமா மட்டும் இருக்கக் கூடாது.

செட்டிங்

இதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பிளக் வெளிய.

எதை வச்சு மெஷினை சரி பார்க்கிறோமோ அந்த மூலைமட்டம் முதல்ல சரியான்னு பார்க்கணும். ஓரம் நேரா இருக்கிற பிளைவுட் துண்டுல மட்டத்தை வச்சு கூர் பென்சில்ல ஒரு கோடு போடுங்க, மட்டத்தைத் திருப்பி மறுபக்கமா வச்சு அதே இடத்துல இருந்து இன்னொரு கோடு போடுங்க. ரெண்டு கோடும் ஒன்னு மேல ஒன்னு விழுந்தா மட்டம் சரி. மேல போகப் போக விலகினா அந்த விலகல்ல பாதி தான் மட்டத்தோட தப்பு. கீழ போட்டு எடுத்த மட்டத்தை நம்பவே நம்பாதீங்க.

அப்புறம் ஃபென்ஸ். ஸ்டீல் ஸ்கேலை ரெண்டு பாதியும் சேர்ற மாதிரி குறுக்கால சாத்தி பின்னாடி செல்போன் டார்ச் அடிங்க. வெளிச்சக் கோடு தெரிஞ்சா போல்ட்டை லூஸ் பண்ணி ஸ்கேலோட சேர்த்து தள்ளி இறுக்குங்க. ஒரே வார்ப்பா வர்ற ஃபென்ஸ் வளைஞ்சிருந்தா தட்டி நிமித்த முயற்சி பண்ணாதீங்க, உடையும், மாத்துறது நல்லது, இல்லைன்னா கீழ சொல்ற எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) முகத்தை மாட்டி அடியில காகிதம் கொடுத்து நேர் பண்ணிக்கலாம், எனக்கு ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு.

அடுத்து பிளேடு டேபிளுக்கு 90ல நிக்குதா. தலைய கீழ இறக்கி லாக் பின்னைப் போடுங்க, மட்டத்தை டேபிள்ல வச்சு பிளேடோட உடம்புல சாத்துங்க, பல்லுல படக் கூடாது, பல்லு உடம்பை விட தடிப்பா துருத்திட்டு இருக்கும், அது மேல மட்டம் ஏறினா எல்லாமே பொய்யா காட்டும். கேப் இருந்தா பெவல் லாக்கை லூஸ் பண்ணி, 0ல நிறுத்துற ஸ்டாப் போல்ட் ஒன்னு பின்னாடி இருக்கும், அதை ஆலன் கீல திருகி சரி பண்ணுங்க.

அதுக்கு அப்புறம் தான் ஃபென்ஸும் பிளேடும். மைட்டரை 0 பள்ளத்துல உட்கார வச்சு, மட்டத்தோட ஒரு கை ஃபென்ஸ்ல, இன்னொரு கை பிளேடு உடம்புல. ஃபென்ஸ் போல்ட் நாலையும் லூஸ் பண்ணி ஒட்டுற மாதிரி நகர்த்தி, குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, இறுக்குறப்ப ஒரு இழை நகரும், அதனால மறுபடி பாருங்க. சில மெஷின்ல ஃபென்ஸ் நகராது, டிகிரி போட்ட ஸ்கேல் தட்டோட ஸ்க்ரூவ லூஸ் பண்ணி அதை நகர்த்தணும். கடைசியா முள்ளை 0க்குத் திருப்பி வைங்க.

இப்ப பிளக்கை மாட்டி மரத்துல பாருங்க. ரெண்டு ஓரமும் இணையா இருக்கிற 4 இன்ச் பலகை, ஒரு இன்ச்சுக்கு மேல தடிப்பு இருந்தா நல்லது. முகத்துல பென்சில்ல குறி போட்டு நடுவுல ஒரு வெட்டு. இடது துண்டு இருந்தபடியே இருக்கட்டும், வலது துண்டை குப்புறத் திருப்பி வெட்டு முகம் ரெண்டும் முட்டுற மாதிரி ஃபென்ஸோட சாத்துங்க. மூடினா முடிஞ்சுது. அகலவாக்குல ஆப்பு மாதிரி கேப் தெரிஞ்சா ஃபென்ஸ் தப்பு, தடிப்புவாக்குல மேலயோ கீழயோ திறந்தா பெவல் தப்பு. தெரியிற கேப் உண்மையான தப்பு மாதிரி ரெண்டு மடங்கு, அதான் இந்த சோதனையோட அருமை, மட்டத்துல கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இதுல தெரியும். பாதி கேப்புக்கு ஃபென்ஸை நகர்த்தி மறுபடி வெட்டுங்க. எனக்கு முதல் தடவை ஏழு வெட்டு ஆச்சு.

45க்கு வரப்ப ஒரு சூட்சுமம் இருக்கு. இடது 45ல ஒரு துண்டு, வலது 45ல ஒரு துண்டு வெட்டி சேர்த்துப் பார்த்து 90 வருதுன்னு சந்தோஷப்படாதீங்க, ஃபென்ஸ் அரை டிகிரி திரும்பியிருந்தா இடது 45.5 வலது 44.5, கூட்டினா 90 தான், மூலை மூடிடும், ஆனா ஒரு வெட்டு நீளமாவும் இன்னொன்னு குட்டையாவும் இருக்கும், 4 இன்ச் மோல்டிங்ல ரெண்டரை எம்எம் வித்தியாசம் வரும், மோல்டிங்ல ஓடுற வரி ஒன்னோட ஒன்னு சேராது. அதனால வரி இல்லாத தட்டைப் பலகையில ரெண்டு துண்டையும் இடது பக்கமே வெட்டி, ஒன்னைத் திருப்பிப் போட்டு மட்டத்துல பாருங்க. அப்புறம் வலது பக்கம் ரெண்டு. ஒரு பக்கம் 90க்கு மேலயும் மறுபக்கம் 90க்கு கீழயும் போச்சுன்னா ஃபென்ஸ், ரெண்டும் ஒரே மாதிரி தப்புன்னா என்னோட கதை, ஃபென்ஸ் ரெண்டு பாதியும் கோட்டுல இல்ல.

எல்லாம் சரியானதும் கழிவுத் துண்டுல ஒரு அடி சதுர சட்டம் ஒன்னு வெட்டி ஒட்டாம தரையில சேர்த்துப் பாருங்க. எதிரெதிர் பக்கம் நீளம் ஒரு இழை கூட மாறக் கூடாது, அதுக்கு தனித்தனியா அளக்காதீங்க, ஃபென்ஸ்ல ஒரு கட்டையை கிளாம்ப் பண்ணி அதுல முட்ட வச்சு வெட்டுங்க. நாலு மூலையும் மூடுச்சுன்னா மெஷின் தயார்.

எம்டிஎஃப் முகம்

6 எம்எம் எம்டிஎஃப் ஒரு பட்டை ஃபென்ஸ் உயரத்துக்கு வெட்டி முன்பக்கம் டபுள் டேப் போட்டு ஒட்டுங்க, டேபிள் மேலயும் ஒன்னு, அப்புறம் 0ல ஒரு வெட்டு. பிளேடு போற அளவுக்கு மட்டும் தான் இப்ப வழி இருக்கும். மூணு லாபம்: மோல்டிங் பின்பக்கம் சிராய் பேராது, ரெண்டு இன்ச் துண்டு வெட்டினா பின்னாடி ஓட்டையில புகுந்து துப்பாக்கி குண்டு மாதிரி பறக்காது, பென்சில் குறிய அந்த வெட்டு வாயில வச்சா பிளேடு எங்க இறங்கும்னு சந்தேகமே இல்ல. 45க்குத் திருப்பினா வாய் அகலமாயிடும், அப்ப புதுசு ஒன்னு மாத்திக்கங்க, பத்து ரூபா சமாச்சாரம்.

வெட்டுறது

ஸ்விட்சைப் போட்டு பிளேடு முழு வேகம் வந்த அப்புறம் இறக்குங்க, அவசரம் வேண்டாம். வெட்டி முடிஞ்சதும் கீழயே நிறுத்தி பிளேடு நின்னப்புறம் தூக்குங்க, சுத்திட்டு இருக்கிறப்பவே தூக்கினா தான் துண்டு பறக்கும், வெட்டு முகமும் கீறும். ஸ்லைடுல மெஷினை உங்க பக்கம் இழுத்து, இறக்கி, உள்ள தள்ளி வெட்டணும். இழுத்துட்டே வெட்டினா மரத்து மேல ஏறி உங்க மேலயே வரும். கை பிளேடுல இருந்து அரை அடி தள்ளி, கைய குறுக்கால போட்டுப் பிடிக்காதீங்க, சின்னத் துண்டுன்னா கிளாம்ப். கிளவுஸ் போடக் கூடாது, லுங்கி நுனி, துண்டு, கை பட்டன் தொங்குற சட்டை எதுவும் கிட்ட வரக் கூடாது. பிளேடு கவரை கயித்தால கட்டி வச்சு வெட்டுறது நம்ம ஊர் வழக்கம், தயவு செஞ்சு வேண்டாம். எம்டிஎஃப் வெட்டுறப்ப என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் கண்டிப்பா, மெஷின் கூட வர்ற தூசிப் பை பாதி தான் பிடிக்கும்.

அளவை எப்பவும் ஒரு நூல் கூட வச்சு வெட்டிட்டு, வச்சுப் பார்த்து, சீவிக் கொண்டு வாங்க. இதுக்கு ஒரு கைவேலை இருக்கு: நின்னுட்டு இருக்கிற பிளேடை கீழ இறக்கி, மோல்டிங் முனைய பிளேடு உடம்புல முட்ட வச்சு அசையாம பிடிச்சுட்டு, தலைய மேல தூக்கி, ஓட விட்டு இறக்குங்க. பல்லு உடம்பை விட துருத்திட்டு இருக்கிற அளவு மட்டும், கிட்டத்தட்ட அரை எம்எம், பூ மாதிரி சீவி வரும்.

சுவத்து மூலை 90 இருக்கும்னு நம்பாதீங்க, பூசின சுவத்துல 88ம் வரும் 92ம் வரும். ஆங்கிள் ஃபைண்டர் வச்சு அளந்து, 180ல இருந்து அதைக் கழிச்சு பாதி பண்ணுங்க, அதான் ஸ்கேல்ல வைக்க வேண்டியது. 92 மூலைக்கு 88ல பாதி 44, 88 மூலைக்கு 46. இங்க தான் 45 பள்ளத்துக்கு வழுக்காத லாக் வேணும்னு சொன்னேன். ஒரு சின்ன இழை மட்டும் மாத்தணும்னா மெஷினைத் தொடாம மோல்டிங்குக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல பிளேடு ஓரமா ஒரு விசிட்டிங் கார்டு செருகி வெட்டுங்க, ரொம்ப சுலபம்.

ஸ்கர்ட்டிங் உள்மூலைக்கு நான் 45 வெட்டறதில்ல. ஒரு பலகை நேர் வெட்டுல சுவத்தை முட்டட்டும், இன்னொன்னை 45 வெட்டி, தெரியிற அந்த வரி ஓரமா கோப்பிங் ரம்பத்துல (வளைவா அறுக்கிற மெல்லிசு கை ரம்பம்) அறுத்து முதல் பலகையோட முகத்துல ஏறி உட்கார வைக்கணும். நேரம் எடுக்கும், ஆனா மரம் சுருங்கினாலும் மூலை திறக்காது. வெளிமூலைக்கு மைட்டர் தான், வேற வழி இல்ல.

மேல சீலிங்குல ஓடுற கார்னிஸ் மோல்டிங் தலைகீழா வச்சு வெட்டணும், ஃபென்ஸை சுவர்னும் டேபிளை சீலிங்னும் நினைச்சுக்கங்க. அகலம் பத்தாம படுக்க வச்சு வெட்டுறதா இருந்தா, 38 டிகிரி மோல்டிங்குக்கு (சுவத்துல இருந்து அவ்வளவு சாஞ்சு உட்காருறது) மைட்டர் 31.6 பெவல் 33.9, 45 டிகிரி மோல்டிங்குக்கு மைட்டர் 35.3 பெவல் 30. நிறைய மெஷின் ஸ்கேல்ல 31.6க்குன்னே ஒரு பள்ளம் இருக்கும், என்ன கணக்குடா இதுன்னு யோசிச்சிருப்பீங்க, அது இதுக்குத்தான். எந்தப் பக்கம் மேலங்கறது எல்லாருக்கும் குழம்பும், எனக்கும் இன்னும் குழம்புது, அதனால ஒரு அடித் துண்டுல இடது உள்மூலை, வலது உள்மூலை, இடது வெளிமூலை, வலது வெளிமூலைன்னு நாலு மாதிரி வெட்டி, பின்னாடி மார்க்கர்ல எழுதி மெஷின் பக்கத்துலயே ஆணியில தொங்க விட்டிருக்கேன்.

வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி தலைய இறக்கி லாக் பண்ணி, மைட்டரையும் இறுக்கி, ஃபென்ஸ் பக்கம் எதுவும் இடிக்காத மாதிரி படுக்கை போட்டு வைங்க, கைப்பிடியத் தவிர வேற எதையும் பிடிச்சுத் தூக்காதீங்க. சைட்ல இறக்கினதும் அந்த திருப்பிப் போடுற சோதனைய ஒரு தடவை பண்ணிட்டு முதல் மோல்டிங்கை எடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.